பதினொன்றாவது டின்

எலியேசருக்கு நேரம் என்றால் நேரம்தான். பதினொன்று பன்னிரண்டு என்றால் பதினொன்று பன்னிரண்டு. யாராவது “சுமார் பதினொன்றேகால் இருக்கும்” என்று சொல்லிவிட்டால் கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். இந்த ஒரே குணத்தால் அந்த மனிதர் உருப்படாமல் போனார். செத்தவரைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அவருக்கு வீடு அஸ்தினாபுரத்தில். எங்களிடம் வருவதற்கு முன் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தார். கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுகிற வேலை. முதலாளியின் மச்சினன் தினமும் எட்டு ஐம்பதுக்கு ஆடி அசைந்து வருவான். எட்டு என்று எழுதச் சொன்னார்கள். இவர் எட்டு ஐம்பது என்றே எழுதினார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி மெட்டில்டா அழுதாளாம். “எட்டு அம்பதுக்கு வந்தவன எட்டுன்னு எப்படிம்மா எழுதறது? நீயே சொல்லு” என்று அவளிடமே நியாயம் கேட்டாராம்.

1964-இல் எங்கள் ஆய்வகத்துக்கு அட்டெண்டராக வந்து சேர்ந்தார். ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை ஓட்டு வீடு. வாசலில் ‘மேய்ச்சல் நில ஆய்வகம்’ என்று ஒரு போர்டு. ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தியது. டைரக்டர் டாக்டர் யக்ஞநாராயணன், டைப்பிஸ்ட் ஹில்டாவாகிய நான், எலியேசர். மூன்றே பேர்.

டாக்டருக்கு நெருப்பென்றால் பைத்தியம். பெருங்களத்தூருக்குக் கிழக்கே, ஏரிக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் பெரிய புல்வெளி உண்டு. நடுநடுவே காரைச் செடி, ஈச்சம் புதர், மிச்சமெல்லாம் இடுப்பளவு ஊசிப்புல். கோடையில் புல்லறுக்கிற பெண்கள் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடுவார்கள். ஒரு மழை விழுந்தால் போதும், சாம்பலிலிருந்து பச்சைப் பசேலென்று தளிர் கிளம்பி மாட்டுக்குத் தீனியாகும். அந்த நெருப்பு நிமிஷத்துக்கு எத்தனை அடி ஓடுகிறது, எந்தக் காற்றில் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். நெருப்போடு ஓடி அளக்க முடியுமா? முடியாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது எலியேசர்தான் வழி கண்டுபிடித்தார்.

சர்ச்சில் பால் பவுடர் கொடுப்பார்களே, அந்தக் காலி டின்கள். புல்லில் இரும்புக் கம்பியை நட்டு, அதில் நூலைக் கட்டி, நூலில் டின்னைத் தொங்கவிடுவார். கீழே ஒரு கருங்கல். நெருப்பு வந்து நூலை எரித்ததும் டின் கல்லின் மேல் ‘டணார்’ என்று விழும். நூறு அடிக்கு ஒரு டின். இவர் தூரத்தில் கடிகாரமும் நோட்டுமாக நின்று, ஒவ்வொரு சத்தத்துக்கும் மணி, நிமிஷம், விநாடி எழுதுவார். புகையில் கண் தெரியாவிட்டாலும் காது கேட்குமே. டாக்டர் அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

அந்த நோட்டைப் பார்த்து நான் டைப் அடிப்பேன். ஒரிஜினல் டிரஸ்டுக்கு, ஒரு காப்பி ஃபைலுக்கு, இன்னொரு கார்பன் காப்பி எனக்கு. எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். எழுத்து இருக்கிற காகிதத்தைக் கிழிக்க என் கை வராது. அதற்காக எலியேசர் என்னை ஓட்டாத நாளில்லை. “ஹில்டாக்கா வூட்ல கெவுனர் காலத்து பஸ் டிக்கெட்டுகூட பத்திரமா கீதாம்” என்பார். “உம்ம டின்னை விடவா?” என்பேன். அப்படியே எட்டு வருஷம் ஓடியது. நல்ல வருஷங்கள்.

புல்வெளியில் எங்களுக்குக் கை கொடுத்தவள் கன்னியம்மா. ஏரியோரக் குடிசைகளில் இருந்த புல்லறுக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. இரண்டு பசு வைத்திருந்தாள். டாக்டர் எரிக்கச் சொல்லும் துண்டைச் சுற்றி அவளும் அவள் ஆட்களும் புல்லை வழித்து வெறும் மண்ணாக்கி ஓடை விடுவார்கள். அதைத் தாண்டி நெருப்பு போகாது. தீ வைப்பதும் அவள்தான். விடியும்போது, பனி ஈரம் இருக்கும்போதே வைத்து, வெயில் ஏறுவதற்குள் அணைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். காலையில் மேல்காற்று அடிக்கும். நெருப்பு கிழக்கே ஏரியைப் பார்த்து ஓடித் தண்ணீரில் செத்துவிடும். மத்தியானம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். “கடக்காத்து வரசொல்லோ அடுப்புகூட பத்த வெக்க மாட்டோம்” என்பாள் கன்னியம்மா.

எழுபத்திரண்டில் அமெரிக்காக்காரன் அந்தச் செயற்கைக்கோளை மேலே அனுப்பினான். எங்களுக்குச் சனியன் பிடித்தது.

அங்கே ஒரு யுனிவர்சிட்டியிலிருந்து டாக்டருக்குக் கடிதம் வந்தது. ஐந்நூற்று அறுபது மைல் உயரத்திலிருந்து பூமியைப் படம் பிடிக்கிறதாம். எரிந்த நிலம் அதில் கருப்பாக விழுமாம். பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை நம் தலைக்கு மேலே போகுமாம், காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. கீழே அளந்த நெருப்பும் மேலே எடுத்த படமும் ஒத்துப்போனால், இனி உலகத்தில் எந்தப் புல்காட்டு நெருப்பையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அளக்கலாம் என்று டாக்டர் குதித்தார். “தாம்பரத்து டின்னை வைத்து ஆப்பிரிக்காவை அளக்கப் போகிறோம், எலியேசர்!” என்றார். கன்னியம்மாவிடம் சொன்னபோது, “மேலேர்ந்து பாத்துகினு போவுதா? அப்ப மய எப்ப வரும்னு கேட்டு சொல்லு சாமி” என்றாள்.

ஒரு தொல்லை. அந்தக் கண்ணுக்கு ஒன்றரை ஏக்கருக்குக் குறைந்து எதுவும் தெரியாது. நாங்கள் எரித்ததெல்லாம் இருபது செண்ட், முப்பது செண்ட். அதனால் டாக்டர் இருபது ஏக்கர் எரிப்பது என்று முடிவு செய்தார். விடியற்காலையில் எரித்தால் பத்து மணிக்குள் எல்லாம் ஆறிப்போகும். நெருப்பு ஓடும்போதே படம் விழவேண்டும் என்று ஒன்பதேகாலுக்கு நேரம் குறித்தார். எழுபத்து மூன்று ஏப்ரலில் ஒரு புதன்கிழமை. அதை விட்டால் இன்னும் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

கன்னியம்மா நேராக ஆபீசுக்கே வந்துவிட்டாள். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

“சாமி, வடக்கால ஓடை பத்தடிதான் வழிச்சிகீது. முப்பதடி ஓணும். காத்து திரும்பிச்சின்னா நெருப்பு வடக்கால பூடும். அங்க சவுக்குத் தோப்பு கீது.”

“பன்னிரண்டு மணிக்கு முன்னால் கடல்காற்று வராது, கன்னியம்மா. பத்தரைக்கெல்லாம் நம் வேலை முடிந்துவிடும். இன்னும் இருபது அடி வழிக்க நாளில்லை.”

“காத்துக்கு இன்னா கடியாரமா கட்டிகீது?” என்றாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எலியேசர் மட்டும் சிரிக்கவில்லை. வடக்கு ஓடைக்கு வெளியே, தோப்பைப் பார்த்து, யாரும் சொல்லாமலே மூன்று டின் கட்டினார். ஒன்பது, பத்து, பதினொன்று. “எதுக்கு?” என்று கேட்டதற்கு, “சும்மா கெடக்கட்டும்க்கா. விழாம இருந்தா சந்தோசம்தானே” என்றார்.

அன்று நடந்ததை எலியேசர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒன்பது பதினைந்துக்குக் கன்னியம்மா தீ வைத்தாள். மேல்காற்றில் நெருப்பு கிழக்கே போயிற்று. ஒன்பது ஐம்பதுக்கு டாக்டர் வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாராம். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாற்பதுக்கு நெருப்பின் முன்பக்கம் ஏரிக்கரையில் அணைந்தது. டாக்டர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வடக்கு ஓரத்தில் மட்டும் நெருப்பு நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. கன்னியம்மாவும் இவரும் தழையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று அடித்ததும் காற்று நின்றது. பிறகு முகத்தில் ஈரமாக ஒன்று பட்டதாம். கடல்காற்று! அன்றைக்கென்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து தொலைத்தது. ஊர்ந்த நெருப்பு எழுந்து நின்று, பத்தடி ஓடையை ஒரே தாவாகத் தாண்டியது.

ஒன்பதாவது டின் விழுந்தது, பதினொன்று பன்னிரண்டுக்கு. பத்தாவது, பதினொன்று பதின்மூன்றுக்கு. பதினொன்றாவது, அதற்கு அரை நிமிஷம் கழித்து. எலியேசர் எழுதினார். கை தானாக எழுதியது என்பார். தோப்பிலிருந்து காவல்காரர் அசரியா ஒரு சவுக்குக் கிளையை ஒடித்துக்கொண்டு நெருப்பை அடிக்க எதிரே ஓடி வந்ததை அவர் பார்த்தார். “வராதீங்க!” என்று கத்தினார். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

அசரியா மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

தோப்புக்காரர் பெரிய இடம். போலீஸ் வந்தது. தீ வைத்தது யார்? கன்னியம்மா. இடுப்பில் தீப்பெட்டி இருந்தது. அசரியாவுக்கும் அவளுக்கும் மாடு மேய்ப்பதில் தகராறு என்று ஊரே சாட்சி சொன்னது. டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? “எங்கள் நெருப்பு பத்து நாற்பதுக்கே முடிந்துவிட்டது. அதன் பிறகு அவள் தன் மாட்டுக்காகத் தனியாகக் கொளுத்தியிருக்க வேண்டும்.” பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பயந்தார். பயந்தவன் கெட்டவனை விட மோசமான காரியம் செய்வான். எனக்குத் தெரியும்.

அந்த வாரமே ரிப்போர்ட் அடித்தேன். நோட்டில் இருந்தபடியே, பதினோரு டின்னும், பதினோரு நேரமும். டாக்டர் படித்தார். கடைசி மூன்று வரியைச் சிவப்பு பென்சிலால் அடித்தார். “இதை விட்டுவிட்டு மறுபடி அடியுங்கள், ஹில்டா. இந்த மூன்றும் ஆய்வு எல்லைக்கு வெளியே” என்றார். நோட்டை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். நான் மறுபடி அடித்தேன். எட்டு டின் வந்தது. அப்போதே வேலையை விட்டெறிந்து எழுந்திருக்க வேண்டும். பத்து வருஷமாக நான் டெம்பரரி. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஜூனில் நிரந்தரம் செய்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார், செய்தும் விட்டார்.

எலியேசர் நம்பியதெல்லாம் அந்தப் படத்தைத்தான். “நோட்ட பூட்டி வெச்சா வெச்சிக்கட்டும்க்கா. மேலேர்ந்து பாத்தது யாருக்கு பயப்படும்? டாக்டருக்கா, தோப்புக்காரருக்கா? ஒரே நெருப்புதான்னு அடுத்த தபா எடுத்த படத்துல தெரிஞ்சிரும்” என்பார். கன்னியம்மாவை ஜாமீனில் எடுக்க ஆளில்லை. இவர் மாதம் ஒரு தடவை ஜெயிலுக்குப் போய், “படம் வந்துகினே இருக்குது” என்று சொல்லிவிட்டு வருவார். தினமும் போஸ்ட்மேனை வழிமறிப்பார். மே, ஜூன், ஜூலை. மழை பெய்து புல்வெளி பச்சையாகி, எரிந்த தடமே இல்லாமல் போயிற்று. படம் டிசம்பரில் வந்தது.

இரண்டு படம். ஒரு ஜில்லா முழுக்க ஒரு தாளில் அடக்கம். எங்கள் இருபது ஏக்கர் ஒரு கடுகளவுகூட இல்லை. டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எலியேசர் பின்னால் நின்றார். முதல் படம், அந்தப் புதன்கிழமை ஒன்பது ஐம்பது: எல்லைக்குள்ளே சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி. வெளியே ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? நெருப்பு தாண்டியது பதினொன்று பன்னிரண்டுக்குத்தானே. இரண்டாவது படம், பதினெட்டு நாள் கழித்து: தோப்பு வரை ஒரே கருப்பு. ஏரித் தண்ணீரும் அதில் கருப்பு. எது எங்கே தொடங்கியது, எது எதோடு சேர்ந்தது, ஆண்டவருக்கே வெளிச்சம்.

டாக்டர் லென்ஸைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. எங்கள் நெருப்பு எல்லையைத் தாண்டவில்லை என்பதற்கு அத்தாட்சியாக முதல் படத்தைக் கோர்ட்டுக்குக் கொடுத்தார்கள். கன்னியம்மாவைக் காப்பாற்ற வரும் என்று எட்டு மாதம் காத்திருந்த படம், அவளுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

வழக்குக்கு இரண்டு நாள் முன்பு எலியேசர் என் மேஜைக்கு வந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார்.

“ஹில்டாக்கா, மொத தபா அடிச்சீங்களே, பதினோரு டின்னும் போட்டு... அந்த கார்பன் காப்பி இருக்குதா?”

நான் டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டு, “கிழிச்சுப் போட்டுட்டேன், எலியேசர்” என்றேன்.

“சரிக்கா” என்று போய்விட்டார்.

கோர்ட்டில் அவர் மனப்பாடமாக நேரத்தைச் சொன்னாராம். “நோட்டு எங்கே?” என்றார் அரசாங்க வக்கீல். “டாக்டரு வாங்கினாரு.” டாக்டர் எழுந்து, எல்லைக்கு வெளியே எந்த அளவும் எடுக்கப்படவில்லை என்றார். வக்கீல் படத்தை உயர்த்திக் காட்டினார். “அமெரிக்காக்காரன் வானத்தில் இருந்து எடுத்ததை நம்புவதா, நீ தொங்கவிட்ட பால் பவுடர் டின்னை நம்புவதா?” எல்லோரும் சிரித்தார்களாம். கன்னியம்மாவுக்கு ஒன்றரை வருஷம்.

எலியேசருக்கு அடுத்த வாரமே சீட்டுக் கிழிந்தது. அப்புறம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை. டோக்கனில் நேரம் எழுதிக் கொடுப்பார். எட்டு நாற்பத்தேழு, எட்டு நாற்பத்தெட்டு. “எதுக்குய்யா இவ்ளோ கரெக்டா? பேஜாரு புடிச்ச ஆளு” என்று ஜனங்கள் கேலி செய்வார்கள். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு மேம்பாலப் படி வழியாகப் போனேன். கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் புல்வெளிக்குப் போய், கொளுத்துகிறவர்களிடம், “பத்து மணிக்குள்ள அணைச்சிருங்கம்மா” என்று சொல்லுவாராம். “கன்னியம்மாவ உள்ள தள்ளுன ஆபீசு ஆளுதானே நீ? போய்யா” என்று விரட்டுவார்களாம். அடுத்த ஞாயிறும் போவாராம்.

எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலை வந்து இறந்தார். நாற்பத்து மூன்று வயது.

அடக்கத்துக்குப் போனேன். அதற்கும் போகாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் கன்னியம்மா நின்றாள். அடையாளமே தெரியவில்லை. அவள் உள்ளே இருந்தபோதே பசு இரண்டும் போய்விட்டன; குடிசை இருந்த இடத்தில் யாரோ கம்பி வேலி போட்டுவிட்டார்கள். இப்போது திரிசூலம் பக்கம் ஜல்லி உடைக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த மனுசன் ஒர்த்தருதான்க்கா எனுக்கோசரம் வாயத் தொறந்தாரு. வேற ஒர்த்தரும் இல்ல” என்றாள். அவள் கை கருங்கல்லாகக் காய்த்துப் போயிருந்தது.

கார்பன் காப்பி என் பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது எடுத்துக் காட்டி என்ன? ஒன்றரை வருஷம் திரும்பி வருமா? பசு வருமா?

எல்லோரும் போன பிறகு மெட்டில்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

“அவருக்குத் தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீங்க கிழிக்கலன்னு. ‘ஹில்டாக்கா பஸ் டிக்கெட்டையே கிழிக்க மாட்டாங்க, ரிப்போர்ட்ட கிழிப்பாங்களா’ன்னு அன்னிக்கே வீட்ல வந்து சொன்னாரு. அப்ப கோர்ட்ல உங்க பேரச் சொல்ல வேண்டியதுதானேன்னு நான் சண்டை போட்டேன். ‘சொன்னா அவங்க வேலை போயிரும். அவங்களே கொண்டு வருவாங்க’ன்னாரு. ரெண்டாம் நாள் சாட்சி முடிஞ்சும் வீட்டுக்கு வரல. கோர்ட்டு வாசல்லயே நின்னுருக்காரு, நீங்க வர்றீங்களான்னு பாத்துக்கிட்டு.”

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

“நாலு இருபது வரைக்கும்னு சொன்னாரு.”

அன்றைக்கு நாலு இருபதுக்கு நான் ஆபீசில் இருந்தேன். டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.